ஹெட்லைட் மஞ்சளானால் தேய்க்கலாம், ஆனால் தேய்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள்

சிங்கப்பூருக்குள் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தால் ஹெட்லைட் மங்கிப்போனது தெரியவே தெரியாது. இங்கே சந்து பொந்தெல்லாம் தெருவிளக்கு. எனக்கு உறைத்தது தீபாவளிக்கு ஈப்போ போன இரவில்தான். துவாஸ் தாண்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, யோங் பெங் பக்கம் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. விளக்கில்லாத சாலை, முன்னால் யாரோ மண்ணெண்ணெய் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடப்பதுபோல ஒரு மஞ்சள் வெளிச்சம், கோடுகூடச் சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மச்சான், "லைட்டப் போடு மச்சான்" என்றான். போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் எல்லாரும் செய்யும் தப்பை நானும் செய்தேன், அதிக வெளிச்சம் தரும் பல்பு வாங்கி மாட்டினேன். ஒன்றும் மாறவில்லை. மாறாது. மங்கிய கண்ணாடி வழியே எவ்வளவு வெளிச்சத்தை அனுப்பினாலும் அது சிதறித்தான் போகும், எதிரில் வருபவர் கண் கூசும், சாலை இருட்டாகவே இருக்கும். அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018ல் சோதித்துப் பார்த்து வெளியிட்ட கணக்குப்படி, நன்றாக மங்கிய ஹெட்லைட்டிலிருந்து வருவது புதியதின் வெளிச்சத்தில் ஏறக்குறைய 20 சதவீதம்தான். வீட்டிலேயே தேய்த்துச் சரிசெய்தால் அது 70 சதவீதம் வரை ஏறியது. நம் கையால் செய்கிற வேலைக்கு இது நல்ல பலன்.

கண்ணாடி என்று பழக்கத்தில் சொல்கிறேனே தவிர, அது கண்ணாடி இல்லை. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டால் உடையாது, எந்த வடிவத்துக்கும் வளைக்கலாம், எடையும் குறைவு என்பதால் 1980களிலிருந்து கார் கம்பெனிகள் இதற்கு மாறின. குறை என்னவென்றால், இது மெத்தென்ற பிளாஸ்டிக், எளிதில் கீறல் விழும், வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளாகும். அதனால் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு கெட்டியான பூச்சு கொடுத்து அனுப்புகிறார்கள். அந்தப் பூச்சு இருக்கும்வரை விளக்கு பளிச்சென்று இருக்கும். பூச்சு தேய்ந்து உரிய ஆரம்பித்தால் கதை முடிந்தது.

நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி மேலே இருக்கிறது. நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டும் நாள்களும் உண்டு. புளோக்குக்குக் கீழே திறந்தவெளிக் கார் பார்க்கில் நிற்கும் கார் இதை வருடம் முழுக்க வாங்கிக்கொள்கிறது. என் காரில் இடதுபக்க விளக்குதான் அதிகம் மஞ்சளாகியிருந்தது, வலதுபக்கம் பரவாயில்லை. ஏன் என்று ஒரு மாலை கீழே இறங்கிப் பார்த்தபோது புரிந்தது: நான் வழக்கமாக நிறுத்தும் லாட்டில் வலதுபக்கம் தூங்குமூஞ்சி மர நிழல் விழுகிறது, இடதுபக்கம் நாலு மணி வெயில் நேராக அடிக்கிறது. உங்கள் காரிலும் இரண்டு விளக்கும் ஒரே மாதிரி மங்கியிருக்காது, பாருங்கள்.

முதலில் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் புளோக்கில் இருக்கும் ஒரு அண்ணன், பல வருடம் பஸ் மெக்கானிக்காக இருந்தவர். நான் விளக்கைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து மேலே ஊற்றினார். மஞ்சள் மறைந்து உள்ளே பல்பு வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. "தண்ணி காயறதுக்குள்ள பாத்துக்கங்க தம்பி, தேச்சா இப்படித்தான் இருக்கும்" என்றார். பத்து நிமிடத்தில் காய்ந்து பழையபடி ஆனது.

விஷயம் எளிது. தண்ணீர் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய கீறல்களை நிரப்பிவிடுவதால் வெளிச்சம் சிதறாமல் போகிறது. நனைத்தால் தெளிகிறது என்றால் மங்கல் வெளிப்பக்கம்தான், தேய்த்தால் சரியாகும். நனைத்தும் தெளியவில்லை என்றால் பிரச்சினை உள்ளே. உள்பக்கம் புகைபடிந்திருக்கலாம், இல்லை பிளாஸ்டிக்குக்குள்ளேயே சிலந்தி வலைபோல வெடிப்பு ஓடியிருக்கலாம். அதற்கு நீங்கள் விடிய விடியத் தேய்த்தாலும் பலன் இல்லை.

உள்ளே நீர்த்துளிகள் தெரிந்தால்? மழைக்குப் பிறகு லேசாகப் பனி படிந்து, விளக்குப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் மறைந்தால் கவலை இல்லை. அடியில் தண்ணீர் குட்டையாகத் தேங்கினால் சீல் போய்விட்டது, அதை முதலில் ஒர்க்ஷாப்பில் காட்டுங்கள். இன்னொன்று, கார் இன்னும் வாரண்டியில் இருந்தால் உப்புத்தாளைத் தொடாதீர்கள், விற்றவரிடம் முதலில் பேசுங்கள். கீறலை நகத்தால் தடவிப் பாருங்கள்: நகம் மாட்டினால் அது ஆழமான கீறல், முழுதாகப் போகாது, குறையத்தான் செய்யும்.

என்ன வாங்கவேண்டும்

பெட்டியோடு வரும் செட்டும் கிடைக்கிறது, ஆன்லைனில் நிறைய. முதல்முறை செய்பவருக்கு அது வசதிதான், ஆனால் வாங்கும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள், அதில் கடைசியில் போடும் புற ஊதாத் தடுப்புப் பூச்சு இருக்கிறதா என்று. பாலிஷ் மட்டும் இருக்கும் செட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிடுங்கள்.

தனித்தனியாக வாங்குவதென்றால் பேட்டைக் கடைத்தொகுதியில் இருக்கும் ஹார்ட்வேர் கடையிலேயே பாதி கிடைத்துவிடும். தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள், பெயின்டர்கள் வாட்டர் பேப்பர் என்பார்களே அது, 800, 1000, 1500, 2000 நம்பர்களில் (நம்பர் கூடக்கூடத் தாள் நைசாகும்) இரண்டிரண்டு தாள், 3000 கிடைத்தால் அதுவும். நல்ல மாஸ்கிங் டேப் ஒரு சுருள். தாளைச் சுற்றிப் பிடிக்க மெத்தென்ற ஸ்பாஞ்சுக் கட்டை. ஒரு ஸ்பிரே பாட்டில், பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு, நாலைந்து மைக்ரோஃபைபர் துணி. பிளாஸ்டிக்குக்கான பாலிஷ். மருந்துக்கடையில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். பூச்சு தனி, அதற்குக் கீழே வருகிறேன்.

வாங்கக்கூடாதவையும் உண்டு. தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதையும் இந்தப் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பட்ட இடத்தில் வெடிப்பு விட்டுவிடும். ஜன்னல் துடைக்கும் அமோனியா கலந்த திரவமும் ஆகாது. கொசுவிரட்டி அடித்துத் துடைத்தால் பளபளக்கும் என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. பளபளப்பது உண்மைதான், ஏனென்றால் அதிலிருக்கும் டீட் என்ற ரசாயனம் மேல்தோலைக் கரைக்கிறது, கரைந்து வழவழப்பாகிக் கொஞ்ச நாளில் முன்பைவிட மோசமாகும், வழிந்து பெயின்ட்டில் பட்டால் அதுவும் போச்சு. பற்பசை கெடுதல் செய்யாது, லேசான மங்கலைக் கொஞ்சம் எடுக்கும், அவ்வளவுதான். நானும் முதலில் பற்பசையில்தான் ஆரம்பித்தேன், அன்று சாயங்காலம் கார் முழுக்க வேப்பிலை வாசனை, பலன் ஒரு வாரம்.

எங்கே, எப்போது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் பார்க் லாட்டிலேயே கடை பரப்பி உட்காருவதை நான் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று மணிநேர வேலை, அழுக்குத் தண்ணீர் பக்கத்துக் கார்மேல் தெறிக்கும், வம்பு. நான் சிராங்கூனில் என் மாமா வீட்டுப் போர்ட்டிகோவில் செய்தேன். தரைவீட்டுச் சொந்தக்காரர் யாராவது குடும்பத்தில் இருந்தால் ஒரு பெட்டிப் பலகாரத்தோடு போய் நில்லுங்கள். வேறு வழி இல்லாதவர்கள் அடுக்குமாடி கார் பார்க்கில் கழுவுவதற்கென்று ஒதுக்கிய இடம் இருந்தால், ஆள் இல்லாத வேளையில், வாளித் தண்ணீர் வைத்துச் செய்யலாம். தேய்த்த தண்ணீரை வாளியிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே மழைநீர் வடிகால்கள் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களுக்குப் போகின்றன, நாளைக்கு நாம்தான் குடிக்கப்போகிறோம்.

நேரம் முக்கியம். நிழல் வேண்டும், விளக்கு சூடாக இருக்கக்கூடாது, பூச்சு போட்ட பிறகு மழை படக்கூடாது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா காற்று அடித்துப் பெய்துவிட்டுப் போகும், டிசம்பர் ஜனவரியில் மதியத்துக்கு மேல் ஆரம்பித்தால் நிற்காது. வானிலைச் செயலியைப் பார்த்துவிட்டு, மேல்கூரை இருக்கும் இடத்தில் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிக்கலாம்.

தேய்ப்பது

விளக்கையும் சுற்றுப்புறத்தையும் கார் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். மணல் ஒன்று ஒட்டியிருந்தால் அதுவே கீறிவிடும். துடைத்துக் காயவிட்டு விளக்கைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், ஒரு அடுக்கு போதாது, இரண்டு மூன்று அடுக்கு. பானெட்டைத் திறந்து அதன் ஓரத்துக்கும் ஒட்டுங்கள். இதில் நான் அலட்சியமாக இருந்தேன். ஈரத்தில் டேப்பின் ஒரு மூலை கிளம்பியதைப் பார்க்காமல் 1000 நம்பரை இழுத்ததில் பம்பர் முனையில் விரல்நீளத்துக்குப் பெயின்ட் மங்கிப்போனது. இன்றும் இருக்கிறது, பார்ப்பவர்களிடம் அது கார் பார்க் தூணில் உரசியது என்று சொல்லிவிடுவேன்.

தாளைச் சோப்புத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவையுங்கள். எந்த நம்பரில் தொடங்குவது? வெறும் மஞ்சளும் மங்கலும் என்றால் 1000 போதும். பழைய பூச்சு தோல் உரிந்தமாதிரி திட்டுத்திட்டாக இருந்தால் 800. அந்தத் திட்டு முழுக்கப் போகும்வரை அடுத்த நம்பருக்குப் போகக்கூடாது, பாதிப் பூச்சு மேலே இருந்தால் கடைசியில் அந்த விளிம்பு தேசப்படம் வரைந்ததுபோலத் தெரியும்.

தாளை ஸ்பாஞ்சில் சுற்றிப் பிடியுங்கள், விரல்நுனியால் அழுத்தினால் விரல் விரலாகப் பள்ளம் விழும். முதல் நம்பரை இடம் வலமாக மட்டும் தேயுங்கள், அடுத்ததை மேலும் கீழுமாக, அதற்கடுத்தது மறுபடி இடம் வலமாக. அப்போதுதான் முந்தைய நம்பரின் கோடு போய்விட்டதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். தண்ணீரை விடாமல் தெளித்துக்கொண்டே இருங்கள். முதலில் டீ நிறத்தில் ஒரு குழம்பு வழியும், அதுதான் செத்துப்போன பூச்சும் மஞ்சளான பிளாஸ்டிக்கும். தேய்க்கத் தேய்க்க அது வெளுத்துப் பால் மாதிரி ஆகும். பால் நிறம் வந்தால் கெட்டுப்போன பகுதி போய்விட்டது என்று அர்த்தம்.

இந்த இடத்தில் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். துடைத்துப் பார்த்தால் விளக்கு முன்பைவிடப் படுமோசமாக, உறைபனி பிடித்த ஃப்ரீசர் கதவுபோல வெள்ளையாக இருக்கும். பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்கவேண்டும். என் மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "புது லைட் என்ன விலைன்னு கேட்டு வைக்கட்டுமா?" என்று கேட்டான். நீங்கள் பாட்டுக்கு 1500, பிறகு 2000 என்று போங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் ஐந்து முதல் எட்டு நிமிடம், ஓரங்களில் கூடுதலாக, ஏனென்றால் நடுவில் மட்டும் கை தானாகப் போகும், ஓரத்தை மறந்துவிடுவோம். நம்பர் மாற்றும் முன்பு கழுவி, நன்றாகத் துடைத்து, காயவிட்டு, கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ஈரத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும், அண்ணன் ஊற்றிய தண்ணீர் ஞாபகம் இருக்கட்டும். காய்ந்த பிறகும் பழைய கோடு தெரிந்தால் அதே நம்பரில் இன்னும் கொஞ்சம்.

பாலிஷ் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்

2000 முடிந்ததும் கை தானாகப் பாலிஷ் டப்பாவைத் தேடும். அதற்கு முன் என்ன பூச்சு போடப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டிருக்கவேண்டும், ஏனென்றால் சில பூச்சுக்குப் பாலிஷ் போட்ட வழவழப்பே எதிரி. இதை யாரும் முதலில் சொல்வதில்லை.

துணியில் நனைத்துத் தடவுகிற வகைப் பூச்சு புதிதாகச் செய்பவர்களுக்கு ஏற்றது, நான் போட்டதும் அதுதான். பெரும்பாலும் 2000 அல்லது 3000 வரை தேய்த்துவிட்டு அப்படியே தடவச் சொல்வார்கள், பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே கேளுங்கள், சொந்த மூளையைக் காட்டவேண்டாம். ஸ்பிரே செய்கிற கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு என்றால் இன்னும் சொரசொரப்பாக, 800 அல்லது 1000லேயே நிறுத்திவிட்டு அதன்மேல் அடிக்கவேண்டும். கோடுகளைப் பூச்சே நிரப்பித் தெளிவாக்கிவிடும், சொரசொரப்பில்தான் அது பிடித்துக்கொள்ளும். கண்ணாடிபோலப் பாலிஷ் செய்துவிட்டு அதன்மேல் ஸ்பிரே அடித்தால் சில மாதங்களில் வெங்காயத் தோல்போல உரிந்து வரும்.

ஸ்பிரேயில் இரண்டு திரவம் கலக்கும் டூ-கே வகை நெடுநாள் நிற்கும், கெட்டியானது, ஆனால் அதில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமா வரை கொண்டுவிடும். சரியான முகமூடி, காற்றோட்டமான தனியிடம் இல்லாதவர்கள் அதை ஒர்க்ஷாப்காரர்களிடம் விட்டுவிடுங்கள். புளோக்குக்குக் கீழே அடிக்கிற சமாசாரம் இல்லை. பிபிஎஃப் என்கிற ஒளிபுகும் ஒட்டுப்படம் ஒட்டுவதென்றால் பாலிஷ் செய்த வழவழப்பு வேண்டும், கல் தெறிப்பதையும் அது தாங்கும், ஆனால் வளைந்த விளக்கில் சுருக்கமில்லாமல் ஒட்ட பழகிய கை வேண்டும். கடைசியாக வேக்ஸ், சீலன்ட் வகையறா: தடவுவது சுலபம், நம் வெயிலுக்கும் மழைக்கும் சில வாரங்களில் போய்விடும், மறுபடி மறுபடி தடவச் சோம்பல் இல்லாதவர்களுக்கு மட்டும்.

பாலிஷ் தேவைப்படும் வழியில் போகிறீர்களா, சரி. 3000 வரை தேய்த்துவிட்டு, டிரில்லில் மூன்று அங்குல ஸ்பாஞ்சு மாட்டி, குறைந்த வேகத்தில், ஒரே இடத்தில் நிற்காமல் ஓட்டுங்கள். சூடு ஏறினால் பிளாஸ்டிக் இளகிவிடும், அப்புறம் அந்தத் தழும்பை எடுக்க மறுபடி 800லிருந்து வரவேண்டும். டிரில் இல்லாவிட்டால் கையாலும் முடியும், தோள்தான் இரண்டு நாளைக்கு வலிக்கும்.

பூச்சு

எந்தப் பூச்சாக இருந்தாலும் அதற்கு முன் ஆல்கஹாலால் துடையுங்கள், இரண்டு முறை, இரண்டு புதுத் துணியில். பாலிஷின் எண்ணெயோ விரல் ரேகையோ இருந்தால் அந்த இடத்தில் பூச்சு பிடிக்காது. விளிம்பில் டேப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும் தண்ணீரைக் கவனியுங்கள், நான் பழைய டேப்பை உரித்துவிட்டு, துடைத்து, புதிதாக ஒட்டினேன். நம் ஊர்க் காற்றே ஈரம், மேற்பரப்பில் ஈரம் இருந்தால் பூச்சு வெள்ளை பூத்துவிடும். அரைமணி நேரம் சும்மா விட்டுவிட்டுக் காப்பி குடியுங்கள்.

தடவும் வகை என்றால் மேலே ஒரு ஓரத்தில் தொடங்கி ஒரே இழுப்பில் மறுமுனை வரை, அடுத்த கோடு முந்தையதைக் கொஞ்சம் தொட்டபடி, கீழே வரை. போன இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். ஒரு இடம் விட்டுப்போய்விட்டதே என்று கை அரிக்கும், தொட்டால் கோடு விழும், அடுத்த கோட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு கோட்டிங் முடிந்து எவ்வளவு நேரம் விடவேண்டும், எப்போது மழையில் போகலாம் என்பதெல்லாம் பொருளுக்குப் பொருள் மாறும். நான் ஒரு நாள் முழுக்கக் காரைப் போர்ட்டிகோவிலேயே விட்டுவிட்டு எம்ஆர்டியில் வீட்டுக்குப் போனேன்.

கடையில் கொடுப்பதாக இருந்தால்

காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் பக்கமெல்லாம் இதைச் செய்து தர ஆட்கள் இருக்கிறார்கள், ஜோகூரிலும் உண்டு. கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: தேய்த்த பிறகு மேலே என்ன போடுவீர்கள்? நான் இதையெல்லாம் கற்றுக்கொள்வதற்கு முன் ஒரு கடையில் கொடுத்தேன், கால்மணி நேரத்தில் மெஷினை ஓட்டி, புதுசுபோல ஆக்கி, 60 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள். மூன்றே மாதத்தில் மஞ்சள் திரும்பி வந்தது, அதுவும் முன்பைவிட வேகமாக. இருந்த கொஞ்ச நஞ்சப் பழைய பூச்சையும் சுரண்டி எடுத்துவிட்டு வெறும் பிளாஸ்டிக்கை வெயிலில் விட்டால் வேறென்ன ஆகும். போய்க் கேட்டதற்கு, "வெயில் அப்படி பிரதர்" என்றார்கள்.

பத்து வருடம் தாண்டி சிஓஇ, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் காருக்கு இனி வருடாவருடம் பரிசோதனை, அதில் ஹெட்லைட்டையும் பார்ப்பார்கள். பரிசோதனைக்கு முந்தின நாள் இரவில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள், ஒரு மாதம் முன்னால் செய்யுங்கள். விளக்கைக் கழற்றி மாட்டியிருந்தால் வெளிச்சம் விழும் உயரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள், தெளிவான விளக்கு மேலே தூக்கி அடித்தால் எதிரே வருபவருக்குத் தொல்லை.

பிறகு பார்த்துக்கொள்வது பெரிய வேலை இல்லை. கார் ஷாம்பூவைத் தவிர வேறெதுவும் படாமல் கழுவுங்கள், காய்ந்த தூசியைத் துணியால் வறட்டுத் துடைப்பாகத் துடைக்காதீர்கள், முடிந்தால் காரின் மூக்கை நிழல் பக்கம் வைத்து நிறுத்துங்கள். நான் இப்போது லாட்டில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துகிறேன், மாலை வெயிலைப் பின்விளக்கு பார்த்துக்கொள்ளட்டும். பூச்சு போட்ட தேதியை மாஸ்கிங் டேப்பில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். வாஷர் தண்ணீர் ஊற்ற பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும், அப்படியே விளக்கின் மேல் விளிம்பை ஒரு பார்வை பார்ப்பேன், என் காரில் மஞ்சள் முதலில் தொடங்கியது அங்கேதான்.